எங்கள் ஒட்டகத்தின் பின்னங்கால்கள் துன்ஹுவாங் போய் வந்த கதை

புக்கிட் பெலண்டோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வாழும் பெரியோர்களே, தாய்மார்களே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காது கொடுக்கும் மாடுகளே! நமது சிற்றாலயத்துக் கிறிஸ்துமஸ் நாடக ஒட்டகத்தின் பின்னங்கால்கள் மேற்படிப்புக்காகச் சீனா சென்று, எட்டு நாள் தங்கி, நலமுடன் நாடு திரும்பிவிட்டன என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம். முன்னங்கால்களும் உடன் சென்றன. வால் செல்லவில்லை. அது ஆலயத்து ஸ்டோர் ரூமில் சாக்குப்பைக்குள் இருக்கிறது.

சிரிக்காதீர்கள். சிரித்ததால்தான் இவ்வளவும் வந்தது.

பின்னங்கால்கள் என்றால் என் அப்பா, அந்தோணி. தோட்டத்தில் குலை வெட்டும் ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேற்பார்வையாளர். முன்னங்கால்கள் என் தாய்மாமா சவரிமுத்து. வெட்டிய குலைகளை ஏற்றிப்போகும் லாரியின் டிரைவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் நாடகத்திலும் மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் ஒரு ஒட்டகம் வரும். பழுப்புக் கம்பளி, முதுகில் கட்டிய தலையணைதான் திமில், அட்டையில் வெட்டிய தலை. தலைக்குள் மாமா நிமிர்ந்து நிற்பார். அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, பின்னால் குனிந்து வருவது அப்பா. வாசலிலிருந்து குடில் வரைக்கும் பதினான்கு நிமிடம், குனிந்த குனி நிமிராமல். பதினெட்டு வருஷமாக.

இதில் என் ரத்தம் கொதிக்கும் இடம் எது தெரியுமா? நாடகம் முடிந்து மைக்கில் பெயர் வாசிப்பார்கள். "ஒட்டகமாக நடித்தவர் திரு சவரிமுத்து மற்றும் குழுவினர்." குழுவினர்! ஒரே ஒரு மனுஷன், அவர் பெயர் குழுவினர்! பாதி ஒட்டகத்தைப் பதினெட்டு வருஷம் சுமந்தவருக்கு இரண்டு எழுத்து இனிஷியல்கூடக் கிடையாது. ஆட்டுக்குட்டியாக வந்த மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட முழுப்பெயர் வாசித்தார்கள். அது பாதி வழியில் தூங்கிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு அந்தப் பாதியும் போனது. குடிலுக்குப் பத்தடி இருக்கும்போது அப்பா திடீரென்று "ஐயோ!" என்று துள்ளி நிமிர்ந்தார். மாமா கவனிக்காமல் நடந்துகொண்டே போனார். கம்பளி கிழிந்தது. முன்பாதி ஒட்டகம் குழந்தை இயேசுவை வணங்கிக்கொண்டிருந்தபோது, பின்பாதி கழுத்தில் தலையணையுடன் சபை நடுவே நின்றது. இடையன் வேடத்தில் ஒட்டகத்துக்கு நேர் பின்னால் நடந்து வந்த நான் இதற்கு நேரடிச் சாட்சி. சபை சிரித்த சிரிப்பில் "சமாதானம் உண்டாவதாக" என்று வானதூதர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

"முதுகுல ஏதோ ஜில்லுன்னு எறங்குச்சு," என்றார் அப்பா. அன்றைக்கும் சொன்னார், மறுநாளும் சொன்னார், ஈஸ்டர் வரைக்கும் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். மாமா நம்பவில்லை. "கம்பளிக்குள்ள வெந்து சாகுறோம், இவருக்கு மட்டும் ஜில்லுன்னு எறங்குதாம். முடியலன்னா முடியலன்னு சொல்லணும் லா." அப்பா திருப்பிச் சொன்னார்: "நீ பாட்டுக்கு என்னைய விட்டுட்டுப் போனியே, பின்னால ஆளு இருக்கானான்னு பார்த்தியா?" அதோடு, ஜனவரியிலேயே, இருவருக்கும் பேச்சு நின்றது. பிறகு ஆலயக் கமிட்டி கூடியது. யார் தவறு, எப்படி நடந்தது என்று ஒரு கேள்வி, ஒரு விசாரணை? கிடையாது. இனிமேல் ஒட்டகத்தைத் திரையில் வீடியோவாகக் காட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா எழுந்து நின்று கேட்டபிறகு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள்: ஆகஸ்ட் மாதம் ஒத்திகை, கமிட்டி முன்னால் ஒட்டகம் ஒழுங்காக நடந்தால் நடக்கும், இல்லையென்றால் திரை.

பேசாத இரண்டு பேர் எப்படி ஒரே மிருகமாக நடப்பது? ஒட்டாத அகம் இரண்டு சேர்ந்தால் ஒட்டகம் ஆகுமா? ஐந்து மாதம். அப்பா குலைகளைக் குவித்து வைத்துவிட்டு நிற்பார், மாமா லாரி இரண்டு அடி தள்ளி நிற்கும். அப்பா ஆபீஸுக்குப் போன் போட்டு, அங்கே கணக்கு எழுதும் கிராணியிடம், "லாரிய கொஞ்சம் முன்னால எடுக்கச் சொல்லுங்க," என்பார். கிராணி மாமாவுக்குப் போன் போடுவார். லாரி முன்னால் போகும். எங்கள் தோட்டத்துக் கிராணி கணக்கு எழுதப் படித்தவர், ஐக்கிய நாடுகள் சபைக்குப் படித்தவர் அல்ல.

இந்த லட்சணத்தில்தான் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை வந்தது. சிரம்பானில் வேலை செய்யும் என் அக்கா ஸ்டெல்லா, சண்டைக்கு முன்பே நான்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள்: அப்பா, மாமா, அவள், நான். மலிவு டிக்கெட், பணம் திரும்பி வராது, பெயர் மாற்ற முடியாது. உண்மையான ஒட்டகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று அப்பாவும் மாமாவும் சேர்ந்து கேட்ட பரிசு அது. அம்மா முன்பே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பிளேன்ல ஏறினா எனக்குக் காது அடைக்கும். நீங்க நாலு பேரும் போனா எனக்கு வீடு அடைக்காம இருக்கும்."

ஆக, பாலைவனம் பார்க்கப் பாமாயில்வனத்திலிருந்து கிளம்பினோம்.

தோட்டத்திலிருந்து விமான நிலையம் நாற்பது நிமிடம். பின் இருக்கையில் அப்பா ஒரு ஜன்னல், மாமா ஒரு ஜன்னல், நடுவில் நான், இரண்டு நாட்டுக்கு நடுவே இமிக்ரேஷன் மாதிரி. அப்பா என்னிடம், "பாஸ்போர்ட்ட எடுத்தானான்னு கேளு," என்றார். நான் மாமாவிடம், "மாமா, உங்க மேல உள்ள பாசத்துல அப்பா கேக்குறாரு, பாஸ்போர்ட் எடுத்தீங்களா?" என்றேன். "பாசமா? அவருக்கா? போடா லா," என்றார் மாமா. நான் அப்பாவிடம், "எடுத்துட்டாராம், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு," என்றேன். இந்தப் பயணம் முழுக்க இதுதான் என் உத்தியோகம். சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது. ஆனால் நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் சியான் வரைக்கும்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது என்பதைப் பதிவு செய்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து சியான் ஐந்தரை மணி நேரம். மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், முப்பது நாள் வரை இருக்கலாம். சியானில் ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை 10.40 விமானம், மதியம் ஒன்றரைக்குத் துன்ஹுவாங். பட்டுப் பாதையில் வியாபாரிகள் மாதக்கணக்கில் நடந்து வந்த தூரத்தை நாங்கள் மூன்று மணி நேரத்தில், ஒரு பொட்டலம் கடலையோடு கடந்தோம். அந்தக் காலத்தில் சீனத்திலிருந்து மேற்கே போன பட்டு, மேற்கிலிருந்து வந்த கண்ணாடி, வாசனைப் பொருள் எல்லாம் இந்த ஊர் வழியாகத்தான். இதற்கு அப்பால் மணல் என்பதால், போகிறவர்கள் இங்கே தண்ணீர் நிரப்பிக்கொள்வார்கள். உயிரோடு வருகிறவர்கள் இங்கே வந்துதான் மூச்சு விடுவார்கள். பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்ட பாதை, அதனால் பட்டுப் பாதை என்று நான் அக்காவிடம் விளக்கினேன். அவள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள்.

முதல் கோபம் ஹோட்டலில். அப்பா பெட்டியில் ஆறு டின் மத்தி மீன் கொண்டுவந்திருந்தார், பழைய மாடல், வளையம் இழுத்துத் திறக்கிற வகை இல்லை. டின் திறப்பான் இல்லை. அது மாமா பெட்டியில் இருந்தது. மாமாவிடம் திறப்பான் இருந்தது, டின் இல்லை. பல வருஷமாக இருவரும் எங்கே போனாலும் பெட்டி கட்டுவது இப்படித்தான், ஒருவர் மீன், ஒருவர் திறப்பான். பேச்சு நின்றாலும் பெட்டி பழையபடியே கட்டப்பட்டிருந்தது. அப்பா கேட்கவில்லை, மாமா கொடுக்கவில்லை. நான் இடையில் புகுந்து வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "அவன் குடுத்தா சாப்பிடுவேன், நீ வாங்கினா சாப்பிடமாட்டேன்," என்றார் அப்பா. ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டோம். ஆறு டின் மீன் மேசைமேல் அடுக்கி இருக்க, வெறும் ரொட்டி! இதைவிடக் கொடுமை பட்டுப் பாதையில் நடந்திருக்கிறதா என்று வரலாற்று ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்தோம். சீனா முழுக்க ஒரே நேரம் என்பதால் இந்த மேற்கு ஊரில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. சூரியனுக்கு ஓவர்டைம். ஊரிலிருந்து மணல் மலைகள் ஆறு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் ஆளுக்கு 2 யுவான். டாக்சி என்றால் 20 யுவான் சுற்றி வரும். 7.10க்கு வாசலில் இருந்தோம். நுழைவுச் சீட்டு 110 யுவான், நம் காசுக்கு அறுபத்தைந்து ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

நான் கற்பனை செய்தது: யாருமில்லாத மணல், ஒரு ஒட்டகம், ஒரு அப்பா. நான் கண்டது: மந்தின் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சனிக்கிழமை கூட்டம். வாடகை உடையில் இளவரசிகள். திரும்பின பக்கமெல்லாம் இளவரசி, ஒவ்வொரு இளவரசிக்கும் ஒரு போட்டோகிராபர், ஒவ்வொரு போட்டோகிராபருக்கும் மணலை வாளியில் அள்ளி வீச ஒரு ஆள். என் வாயில் விழுந்த மணலில் பாதி அரச பரம்பரை மணல். அதோடு ஷூவுக்குள் மணல் போகாமல் இருக்க முழங்கால்வரை ஆரஞ்சு நிறத் துணி உறை, 15 யுவான். பாலைவனத்துக்கு வந்து கால்களுக்கு மழைக்கோட்டு மாட்டுவதா? நான் மறுத்தேன். அப்பா, மாமா, அக்கா மூவரும் மாட்டிக்கொண்டார்கள். பிற்பகலில் என் ஷூவிலிருந்து நான் கொட்டிய மணலில் ஒரு சிறிய வீடு கட்டியிருக்கலாம். அதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை.

உச்சகட்டம், ஒட்டகங்களுக்கு டிராபிக் லைட். விளையாடவில்லை. ஒட்டகப் பாதையும் மனிதர் பாதையும் குறுக்கிடும் இடத்தில் கம்பம், அதில் ஒட்டகப் படம் போட்ட விளக்கு. ஒட்டகத்துக்குப் பச்சை என்றால் மனுஷனுக்குச் சிவப்பு. லுக்குட் முச்சந்தியில் நிற்பது போதாதென்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து சிவப்பு விளக்கில் நிற்கவா? "கேட்டா லைசென்ஸ் வேற காட்டணும் போல," என்றேன். அப்பா சிரிக்கவில்லை. அவர் கண் ஒட்டகத்தின்மேல் இருந்தது.

ஐந்து ஐந்து ஒட்டகமாக மூக்குக் கயிற்றில் கோத்து ஒரு வரிசை. முன்னால் ஒருவர் இழுத்துக்கொண்டு நடப்பார். சவாரி ஆளுக்கு 100 யுவான், ஏறக்குறைய நாற்பது நிமிடம். இந்த ஊர் ஒட்டகத்துக்கு இரண்டு திமில், நாம் நடுவில் உட்காரவேண்டும். எங்கள் வரிசையை இழுத்தவர் முகம் முழுக்கத் துணி சுற்றிய ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும். அவர் ஆட்களின் எடையைக் கண்ணாலேயே நிறுத்து, ஒரு கை ஆட்டினார். அக்கா முதல் ஒட்டகம், நான் இரண்டாவது, மாமா மூன்றாவது, அப்பா நான்காவது. நான் மாற்றச் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா கையை ஆட்டியது ஆட்டியதுதான்.

ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களைத்தான் தூக்குகிறது. நாம் முன்னால் குப்புறச் சாய்வோம். கைப்பிடியை விடாதீர்கள். பின்னாலிருந்து அப்பா, "பாத்தியா, பின்னங்கால்தான் மொதல்ல!" என்று கத்தியது கேட்டது. பதினெட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. மாமா திரும்பவில்லை.

மேலே ஏறினோம், அந்தக் காலை வெயிலில் மணல் மேடுகள் ஒரு பக்கம் பொன்னும் ஒரு பக்கம் நிழலுமாகக் கத்தி வைத்து வெட்டியதுபோல் நின்றன. அழகு. மறுக்கவில்லை. ஆனால் நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒட்டகத்தின் கழுத்துக்கு இந்தப் பக்கம் குனிகிறார், அந்தப் பக்கம் குனிகிறார். ஒட்டகம் எப்படி நடக்கிறது, எந்தக் காலுக்குப் பின் எந்தக் கால் என்று பார்க்க வந்தவர். ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்தால் ஒட்டகத்தின் கால் தெரியாது! அவருக்குத் தெரிந்தது திமிலும், அதற்கு முன்னால் மாமாவின் முதுகும். நாற்பது நிமிடம்.

இறங்கியதும் ஒட்டகத்தின் பின்னால் குனிந்து பார்க்கப் போனார். ஒட்டகக்கார அம்மா ஓடிவந்து விரட்டினார். உதைக்கும் என்று சைகை. அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். "பதினெட்டு வருஷமா இவன் முதுகத்தான் பார்த்தேன். இங்க வந்தும் காசு குடுத்து அதே முதுகத்தான் பார்த்தேன்," என்றார் என்னிடம். மூன்றடி தள்ளி நின்ற மாமாவுக்கு நன்றாகக் கேட்டது. மொழிபெயர்க்கத் தேவையே இல்லை.

அங்கிருந்து பிறை நிலா வடிவக் குளம் நடக்கிற தூரம்தான். நாலாபுறமும் மணல் மலை, நடுவில் ஒரு வளைந்த பச்சைத் தண்ணீர், கரையில் நாணல், ஒரு மர மாடம். மணல் ஏன் இதை மூடவில்லை என்றால், காற்று மணலைக் கீழே தள்ளாமல் மேலே தூக்கிக்கொண்டு போய்விடுகிறதாம். தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததால் இப்போது அக்கம்பக்கத்தில் நீர் விட்டு ஊறவைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று பலகையில் இருந்ததை அக்கா போனில் பிடித்துப் படித்தாள். சுற்றி வேலி, இறங்க முடியாது. வேலியின் இந்தக் கோடியில் அப்பா, அந்தக் கோடியில் மாமா. ஒரு குளத்தின் இரண்டு முனை மாதிரி, எதிரெதிராக, ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. சிரித்த சபைமேல், குழுவினர் என்று வாசித்த மைக்மேல், திரை வாங்கலாம் என்ற கமிட்டிமேல். ஒரு மனுஷன் தன் பங்கு வேலையை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ள இவ்வளவு தூரம் வந்து, ஒன்றும் கற்காமல் திரும்பப் போகிறாரே என்று.

மணி 10.35. வெயில் ஏறிவிட்டது, வெளியே போகலாம் என்றாள் அக்கா. திரும்பும் வழியில் அந்த டிராபிக் லைட். எங்களுக்குச் சிவப்பு. நான் வாயைத் திறந்து திட்ட ஆரம்பித்தேன். அப்போது ஒட்டகங்கள் குறுக்கே போகத் தொடங்கின. நேராகப் பக்கவாட்டில், எங்கள் கண்ணுக்கு முன்னால், எட்டடி தூரத்தில். ஒரு வரிசை, இரண்டு வரிசை, ஐந்து வரிசை. கால்கள், கால்கள், வெறும் கால்கள்.

அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற மாமாவும் குனிந்தார். பச்சை விழுந்தது, கூட்டம் கடந்துபோனது, அவர்கள் இருவரும் நகரவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி ஒட்டகம். அப்போதுதான் மாமாவின் வாயிலிருந்து அது வந்தது, ஐந்து மாதத்துக்குப் பிறகு, என்னைக் கேட்காமல், நேராக.

"மச்சான்... ரெண்டும் ஒரே பக்கம் லா."

அப்பா ஒட்டகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஆமா. இடது முன்னால போறப்பவே இடது பின்னாலயும் போவுது. வலது வலது. நாமதான் ஆடு மாதிரி மாத்தி மாத்தி வச்சோம்."

"நான்தான் அப்படிச் சொன்னேன்," என்றார் மாமா. "மிருகம்னா மாத்தி வைக்கும்னு. அதான் உனக்கு என் குதிகால் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பதினெட்டு வருஷம் ஏன்டா சொல்லல?"

"நீ முன்னால இருக்க. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பிறகு நடந்ததை அக்கா வீடியோ எடுத்திருக்கிறாள், மறுக்க முடியாது. ஆரஞ்சு உறை மாட்டிய நான்கு கால்கள். மாமா முன்னால், அப்பா அவர் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் குனிந்து. "எடம்... வலம்... எடம்... வலம்..." மணலில் முதல் நான்கு தப்படி, பிறகு பத்து, பிறகு முப்பது. இடிக்கவில்லை. ஒரு தடவைகூட இடிக்கவில்லை. மணல் வீசுகிறவர்கள் வாளியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு இளவரசி தன் போட்டோகிராபரை இவர்கள் பக்கம் திருப்பினாள். எங்கள் ஒட்டகக்கார அம்மா அடுத்த வரிசையோடு வந்தவர் நின்று, முகத்துணியை இறக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் போனை வாங்கி ஏதோ பேசினார். போன் தமிழில் காட்டியது: "பின்னால் இருப்பவர் நல்ல ஒட்டகம். முன்னால் இருப்பவர் அவசரப்படுகிறார்."

நான் அதைச் சத்தமாக, இரண்டு தடவை வாசித்தேன். மைக் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா அசடு வழிந்தார். "இந்த வருஷம் நீ முன்னால நில்லு மச்சான்."

"வேணாம். உன் முதுகு எனக்குப் பழகிப்போச்சு," என்றார் அப்பா. "இங்க ரெண்டு திமிலு இருக்கு பாத்தியா? நம்மளும் இன்னொரு தலகாணி வச்சுக்குவோம். ஆளுக்கு ஒன்னு."

அன்றைக்கு மதியம் ஹோட்டல் அறையில் மூன்று டின் திறக்கப்பட்டது. திறப்பானை மாமாவே கொண்டுவந்தார், யாரும் கேட்கவில்லை. அப்பா ரொட்டியில் மீனை வைத்து முதலில் மாமாவுக்குக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே, "ஆனா மச்சான், சத்தியமா முதுகுல ஜில்லுன்னு எறங்குச்சு," என்றார். மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீ சொன்னா நான் நம்புறேன். அன்னைக்கே நம்பியிருக்கணும்," என்றார். நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். முள் என்று அக்காவிடம் சொன்னேன். டின் மீனில் முள் குத்துமா என்று கேட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு. வெயில் காலத்தில் காலை ஏழரைக்குள் உள்ளே இருங்கள். பத்தரைக்கு மேல் மணல் அடுப்பு. தண்ணீர் வெளியிலிருந்தே கொண்டுபோங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர். மாஸ்க் கட்டாயம். ஆரஞ்சு உறை வாங்குங்கள் (ஆமாம், வாங்குங்கள்). மணல் மலை ஏற மரப்படி ஏணி போட்டிருக்கிறார்கள், என் வேகத்துக்கு உச்சி பதினைந்து நிமிடம். காசு எல்லாம் போன் வழியாகத்தான், கிளம்புமுன் பணம் கட்டும் செயலியை வேலை செய்ய வைத்துவிடுங்கள். ஊருக்குள் இரண்டு இரவு போதும். எங்களுக்கு எட்டு நாளுக்கு விமானம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூவாயிரம் ரிங்கிட்டைத் தொட்டது. ஒட்டகச் சவாரி வேண்டுமானால் போங்கள், ஆனால் ஒட்டகம் பார்க்கவேண்டுமானால் டிராபிக் லைட்டில் நில்லுங்கள். அது இலவசம். அதைத் திட்டி நான் மேலே எழுதிய பத்தியை அழிக்கவில்லை. ஒரு மனுஷன் தப்பாகவும் இருந்திருக்கிறான் என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

சாட்சி என்றதும் ஞாபகம் வருகிறது.

உச்சிக்குப் பதினைந்து நிமிடம் என்றது அக்காவின் நேரம். நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. இந்தக் குடும்பத்தைச் சேர்த்து வைத்தது நான்தான் என்று மேலே பெருமை அடித்திருக்கிறேன். கமிட்டி விசாரிக்கவில்லை என்று குதித்திருக்கிறேன். விசாரித்திருந்தால் இடையன் வேடத்தில் ஒட்டகத்துக்கு நேர் பின்னால் நடந்து வந்தவனைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். அவன் அங்கிக்குள் ஒரு கிண்ணம் இருந்தது. ஆலயத்துக்கு வெளியே சிராப் சர்பத் கலக்க ஐஸ் வைத்திருந்த வாளியிலிருந்து எடுத்தது. இரண்டு கட்டி ஐஸ். குனிந்து நடந்ததில் கம்பளிக்கு அடியில் அப்பாவின் சட்டை இடுப்பில் மேலேறி நல்ல இடைவெளி இருந்தது, உள்ளே விட்டேன். ஒரு துள்ளு துள்ளுவார், சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். கம்பளி கிழியும் என்றோ, ஐந்து மாதம் கிராணி லாரி ஓட்டுவார் என்றோ நினைக்கவில்லை. ஆதாரம் உருகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா, நீங்கள் பொய் சொல்லவில்லை. முதுகில் ஜில்லென்று இறங்கியது உண்மை. மாமா நம்பினார், எந்தச் சாட்சியும் இல்லாமல் நம்பினார், அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை.

நீங்கள் இருவரும் இதைப் படித்து முடித்ததும் கீழே கமெண்ட் போடவேண்டாம். பிரிட்ஜில் ஐஸ் தட்டு இரண்டும் நிரப்பி வைத்திருக்கிறேன். பின்வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு தட்டு.